பல் படாத பட்டை

ஆஸ்திரேலியா போய்வந்தவன் என்று தெரிந்தால் போதும், ஆம்பூரில் எல்லாரும் கங்காருவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கங்காருவை நான் ரயில் ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை பார்த்தேன். அதுவும் தலை தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி புல் மேயக் குனிந்துவிட்டது. எங்களுக்குள் அவ்வளவுதான் பழக்கம். நான் எழுத உட்கார்ந்தது, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற வேறொரு பிராணியைப் பற்றி. அதற்காக எங்கள் முதலாளி தம் படுக்கையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப நேர்ந்ததைப் பற்றி.

போன காரியம் பட்டை. தோல் தொழில் அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் கழிந்த தோல், பட்டை ஊறிய தண்ணீர்த் தொட்டிகளில் ஒன்று மாற்றி ஒன்றாக வாரக்கணக்கில் கிடந்தால்தான் அழுகாமல் உழைக்கும் தோலாகும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஆவாரம்பட்டை. அந்த வருஷமோ மழை மறுபடியும் பொய்த்தது. பாலாற்றில் ஊற்றுத் தோண்டிய பெண்கள் இடுப்பளவு குழிக்குள் இறங்கி நின்று செம்பால் தண்ணீர் மொண்டார்கள். ஆலங்காயம் மலையடிவாரம் வரைக்கும் ஆவாரையை வெட்டித் தீர்த்தாகிவிட்டது. தொட்டிகள் பாதி காய்ந்து கிடந்தன.

எங்கள் முதலாளி கரீம் சாயபு. முதலாளி என்றாலும் பட்டைத் தொட்டியில் முழங்கை வரை கைவிட்டுப் பார்க்கிறவர். அவர் தோல் மண்டியில் என் தகப்பனார் சுண்ணாம்புக் குழியில் நின்றார். நான் பட்டை பார்க்கிற குமாஸ்தா. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான்தான் முதல். வேலூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வந்தது. பட்டை பார்க்க மட்டும் படிப்பு வேண்டியதில்லை. ஒரு துண்டை ஒடித்து மெல்ல வேண்டும். துவர்ப்பு நாக்கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ அவ்வளவு சத்து.

ஒருநாள் சாயபு கூப்பிட்டார். "எத்திராஜு, ஆஸ்திரேலியாவுல வாட்டில்னு ஒரு மரமாம். பட்டை நம்ம ஆவாரையைவிடக் காட்டமாம். இங்கிலீஷுக்கும் நாக்குக்கும் சேத்து நீ ஒருத்தன் போதும். வா, போய்ட்டு வரலாம். நல்ல சரக்கா அமைஞ்சா பட்டைக் கிடங்கு உன் கையில. உங்கப்பனைக் குழியிலேர்ந்து மேல ஏத்தி உன்கூட வெச்சிக்க."

என் தகப்பனாரின் விரல்களைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. குழம்பு பட்டால் எரியும் என்று சோற்றைக் கரண்டியால் பிசைந்து சாப்பிடுவார். ஆகையால் எனக்கு இது வேடிக்கை பார்க்கும் பிரயாணமல்ல.

புறப்படுவதற்கு முந்தின நாள் நடந்த ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பேரணாம்பட்டுத் தரகர் ஒருவர் மெல்லிய குட்டித்தோல் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டு மாதிரி இருந்தது. சினையாட்டை அறுத்து, வயிற்றிலிருந்த குட்டியை எடுத்து உரித்த தோல். சாயபு தொட்டதும் கையை உதறினார்.

"வயித்துக்குட்டித் தோல் என் மண்டிப் படி ஏறாது. எங்க அப்பா காலத்துலேர்ந்து வழக்கம்."

"சீமையில இதுக்குத்தான் கிராக்கி, சாயபு. உங்களுக்கு வேணாம்னா வாணியம்பாடில ஆளில்லையா?"

"இருக்காங்க, போ. பொறக்காததை உரிச்ச காசு எனக்கு எதுக்கு?"

தரகர் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "யாவாரம் பண்றாரா, பள்ளிவாசல் நடத்தறாரா தெரியல" என்று எங்கள் காதில் விழும்படியாகவே சொல்லிக்கொண்டு போனார்.

கப்பலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பாதிக் கடலை நான் பார்க்கவில்லை. தலை தூக்கினால்தானே பார்ப்பதற்கு! மெல்போர்ன் துறைமுகத்தில் அதிகாரிகள் எங்களை நிறுத்தி, எங்கிருந்து வந்தீர்கள், என்ன நோய், எப்போது திரும்பிப் போவீர்கள் என்று கேட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நான் கொண்டுபோன ஆவாரம்பட்டைக் கட்டைப் பற்றியும் அதே கேள்விகள்தான். நாங்கள் பதில் சொல்லித் தப்பித்தோம். பட்டையால் பதில் சொல்ல முடியவில்லை, எரித்துவிட்டார்கள். "எங்கள் மரங்களுக்கு வெளிநாட்டு நோய் எதுவும் வரக்கூடாது" என்றார் ஒரு அதிகாரி, மரியாதையாகவே. மரத்துக்காக இவ்வளவு கவலைப்படுகிற சர்க்காரை நான் அதுவரை கண்டதில்லை.

"போவட்டும் விடு. உன் நாக்கைப் புடுங்கலியே" என்றார் சாயபு.

ரயிலில் எதிரே ஒரு ஆள் பூட்ஸ் காலை நீட்டித் தூங்கிக்கொண்டு வந்தார். சாயபுவால் சும்மா இருக்க முடியவில்லை. குனிந்து பூட்ஸின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அந்த ஆள் விழித்துக்கொண்டார். எனக்கு உயிர் போய் வந்தது. நாங்கள் தோல்காரர்கள் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் உடனே ஒரு பூட்ஸைக் கழற்றி சாயபு மடியில் வைத்துவிட்டு, "மற்றதும் வேண்டுமானால் கேளுங்கள், ஆனால் வாசனைக்கு நான் ஜவாப்தாரி அல்ல" என்றார். பெட்டி முழுக்கச் சிரிப்பு. சாயபு உள்ளே கையை விட்டுத் தடவி, "உள்தோல் நம்ம பக்கத்து ஆடுடா" என்றார். அவர் முகம் சொந்தக்காரரைக் கண்டவர் முகம் மாதிரி ஆயிற்று.

ஜோலார்பேட்டையில் பெங்களூர்ப் பெட்டிகளைக் கழற்றி வேறு பக்கம் அனுப்புவார்கள் என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். அங்கேயும் ஒரு ஜங்ஷனில் அதே வேலை நடந்திருக்கிறது. நாங்கள் கண்ணயர்ந்துவிட்டோம்.

"மொதலாளி, வண்டி நிக்குது."

"தண்ணி புடிக்கறான், படுடா."

"எஞ்சினையே காணோமே!"

சாயபு எட்டிப் பார்த்தார். நீலவானம், புல், ஒரு பசு, எங்கள் பெட்டி. "ஜோலார்பேட்டையில பொண்ணு கட்டினவனுக்கே இந்தக் கதியா!" என்று உருதுவில் ஆரம்பித்து அந்த நாட்டு ரயில்வேயை மூன்று தலைமுறைக்குத் திட்டினார்.

அருகிலிருந்த சின்ன ஊரின் ஓட்டலில் இடம் கேட்டோம். அறை இல்லை என்றார்கள். காலிக் கட்டில்கள் கதவிடுக்கில் தெரிந்தன. சாயபு நம்பமுடியாமல் வாசலிலேயே நின்றார். எனக்கு அந்த வார்த்தை புதிதல்ல. வேலூர் காப்பி கிளப்புகளில் வேறு பாஷையில் கேட்டதுதான். "வாங்க மொதலாளி" என்று பெட்டியைத் தூக்கினேன். முதல்தடவையாக ஒரு விஷயத்தில் எனக்கு அவரைவிட அனுபவம் ஜாஸ்தியாக இருந்தது.

தெருவுக்கு வந்ததும் சாயபு ஓட்டலையும் சேர்த்து மறுபடி திட்டினது ஒருவிதத்தில் நன்மையாயிற்று. உருதுச் சத்தம் கேட்டு ஒரு கூண்டு வண்டி எங்களருகே நின்றது. நூருத்தீன் என்று ஜலந்தர் பக்கத்து மனிதர். பண்ணை பண்ணையாகப் போய் ஊசி, நூல், துணி விற்கிறவர். "இந்த வசவைக் கேட்டு வருஷக்கணக்காகிறது, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று சாயபுவைக் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் குடிசையில் ரொட்டியும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டோம். உப்பில்லாத உருளைக்கிழங்கையே பல நாள் பார்த்துவிட்டு, வதங்கிய வெங்காயத்தின் வாசனை மூக்கில் ஏறியபோது சாயபுவுக்குக் கண் கலங்கியது. வெங்காயப் புகை என்றார்.

மறுநாள் அவருடைய வண்டியிலேயே, நாங்கள் தேடிவந்த வாட்டில் பண்ணைக்குப் புறப்பட்டோம். அந்தக் குதிரைக்கு ஒரு வழக்கம். எந்தப் பண்ணை வாசல் வந்தாலும் நின்றுவிடும். உள்ளேயிருந்து பெண்கள் ஊசி நூலுக்கு வந்துவிடுவார்கள். ஒவ்வொரு வாசலிலும் நூருத்தீன் மன்னிப்புக் கேட்டு, கேட்டதோடு ஒரு ரிப்பனும் விற்று, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில்.

பண்ணை ஒரு அக்காளுக்கும் தம்பிக்கும் சொந்தம். அக்காள் எடித்; ஐம்பது வயதிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தலையில் ஆண்பிள்ளைத் தொப்பி, பைகளில் ஆணியும் கம்பியும். தம்பி ஆர்தர் சிவந்த முகத்துக்காரர். எதையும் உடனே பேசி முடிக்க வேண்டும் என்கிறவர். எங்களுக்குத் தேநீர் அவர்கள் குடித்த அதே வகைக் கோப்பையில் வந்தது. தனிக் கோப்பை இல்லை என்பதை நான் பார்த்தேன். சாயபுவும் இந்தத் தடவை பார்த்தார்.

வாட்டில் பூத்திருந்தது. ஆவாரம்பூவின் மஞ்சளைக் கொஞ்சம் பால் விட்டுக் கலக்கினது போல ஒரு மஞ்சள். மேட்டில் அவர்கள் தகப்பனார் வரிசையாக நட்ட இளமரங்கள். கீழே ஓடையோரம், நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத கிழட்டுத் தைலமரங்கள். அவற்றுக்கு நடுவே தானாக முளைத்து முற்றிய வாட்டில். ஆர்தர் இரண்டு இடத்து வாட்டில் பட்டையையும் சேர்த்தே கொடுக்க விரும்பினார்.

மேட்டுப் பட்டையை மென்றேன். நாக்கைப் பிடித்தது, ஆனால் நல்ல ஆவாரைக்கு ஒரு மாற்றுக் குறைவு. பிறகு ஓடைப் பட்டை. என் வாழ்நாளில் அப்படி ஒரு துவர்ப்பைக் கண்டதில்லை. நாக்கு சுருண்டு, பேச்சே வரவில்லை. சாயபு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "கெடைச்சிடுச்சாடா?" என்றார். தலையாட்டினேன். என் தகப்பனார் கரண்டியை வீசி எறிவது கண்முன் வந்தது.

ஆனால் ஓடை மரங்களிலெல்லாம் கீறல். அடிமரத்தில் ஆங்காங்கே பட்டை குதறியிருந்தது; காயங்களில் பிசின் வடிந்து மினுங்கியது. எங்கள் ஊரில் தோல் கட்டைப் பிரித்ததும் முதலில் தேடுவது கத்திக் கீறலைத்தான். உரிக்கிறவன் கை தவறி ஒரு கீறல் விழுந்தால் தோலின் தரம் இறங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் நான் மிகவும் பொறுப்பாக ஆர்தரிடம், "உங்கள் ஆட்கள் கத்தியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர்கள். நல்ல பட்டையைக் கெடுத்திருக்கிறார்கள். அவர்களைக் கண்டிக்க வேண்டும்" என்றேன்.

ஆர்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எடித் அம்மாள் சிரிக்கவில்லை; கண்ணில் மட்டும் ஏதோ மின்னியது. "அவர்கள் கத்தி வைத்துக்கொள்வதில்லை. அந்தி சாயும்போது வேலைக்கு வருவார்கள். இருந்து நீங்களே கண்டியுங்கள்" என்றார்.

அந்தியில் ஓடையோரம் நின்றோம். மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒரு தைலமரத்தின் உயரத்திலிருந்த பொந்தில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு இரண்டு பெரிய கறுப்புக் கண்கள். அணிலளவு. சாம்பல் நிறம், நெற்றியிலிருந்து முதுகுவரை ஒரு கறுப்புக் கோடு.

"நம்ம அணிலுக்கு மூணு கோடு. இது மிச்சம் ரெண்டைக் கப்பல்ல தொலைச்சிட்டதா?" என்று சாயபு காதோடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது குதித்தது.

விழுகிறது என்று நினைத்தேன். விழவில்லை. முன்காலும் பின்காலும் நீண்டு, இரண்டுக்கும் நடுவே தோல் விரிந்து, நான்கு மூலையிலும் முளையடித்துக் காயப்போட்ட ஆட்டுத்தோல் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஊர் வெட்டவெளியில் நான் தினமும் பார்க்கிற காட்சிதான். அங்கே அது அசையாது. இங்கே அந்தத் தோல் ஓடையைக் கடந்து, வாலைத் திருப்பி, எதிர்ப்பக்கத்து வாட்டிலின் அடிமரத்தில் வந்து சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது.

"யா அல்லா!" என்றார் சாயபு. "தோல் பறக்குதுடா!"

ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வந்ததும் என் 'கத்திக் கீறல்'களில் வாயை வைத்துப் பிசினை நக்கின. காய்ந்த காயத்தைப் பல்லால் கடித்துப் புதுப்பித்தன. எடித் அம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னார்: அந்தப் பக்கத்தில் இதைச் சர்க்கரை அணில் என்கிறார்கள்; உண்மையில் அணில் சாதியே இல்லை, கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள சாதி. குளிர்காலத்தில் பூச்சியும் பூவும் அற்றுப்போனால் இந்தப் பிசின்தான் உயிர். வாட்டில் போனால் சோறு போயிற்று. தைலமரம் போனால் வீடு போயிற்று. ஒரு மரத்தில் இப்படிப் பொந்து விழ ஒரு மனிதரின் ஆயுள் போதாது.

சாயபு கேட்கச் சொன்னார்: "நம்ம ஆவாரை வெட்ட வெட்டத் துளுக்கும். இது துளுக்காதா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "தோல் உரித்த ஆடு உங்கள் ஊரில் துளிர்க்குமா என்று கேளுங்கள்" என்றார்.

மொழிபெயர்த்தேன். சாயபு தாடியைத் தடவிக்கொண்டு, "பதில் சொல்லத் தெரிஞ்ச பொம்பளை" என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அன்றைக்கு அங்கே நான் பார்த்ததையெல்லாம் எழுதினால் காகிதம் போதாது. தம்பி ஒரு மரத்தை வெட்டினால் அந்த அம்மாள் பொந்துள்ள கிளையை மட்டும் அறுத்தெடுத்து, நிற்கிற மரமொன்றில் கம்பியால் கட்டிவைப்பார். பூனை ஏறாதபடி அடிமரத்தைச் சுற்றித் தகரம் அடித்திருந்தார். இதற்கு அவருக்குச் சம்பளமுமில்லை, புகழுமில்லை. ஊரில் அவரை 'அணில் கிறுக்கு' என்கிறார்கள் என்று நூருத்தீன் சொன்னார். சொல்லிவிட்டு, ஊசி வாங்குவதாகச் சாக்குச் சொல்லித் தன்னிடம் ஆணி மட்டும் வாங்குகிறவர் அந்த அம்மாள் ஒருத்தர்தான் என்றும் சொன்னார்.

ஆனாலும் வண்டியில் திரும்பும்போது சாயபு கணக்காகத்தான் பேசினார். "பாக்க நல்லாத்தான் இருக்கு. அணிலைப் பாத்துக்கிட்டு நின்னா நம்ம தொட்டி காஞ்சிடும், எத்திராஜு. ஓடைப் பட்டைதான் பட்டை." எனக்கும் அந்தப் பட்டை வேண்டியிருந்தது. அது வேண்டாம் என்று சொல்ல என் வாய்க்குள் சொல் இருந்தது. அதன் மேல் என் தகப்பனாரின் கை இருந்தது.

மறுநாள் காலை பண்ணைக்குப் போனபோது ஓடையோரத்தில் வெளிச்சம் ஜாஸ்தியாகத் தெரிந்தது. பட்டை வண்டி இறங்கப் பாதை வேண்டுமென்று, விலை முடிவதற்குள்ளேயே ஆர்தர் விடியற்காலையில் ஒரு பெரிய தைலமரத்தைச் சாய்த்துவிட்டார். பொந்து பொந்தாக இருந்த மரம். அவர் எங்களைக் கண்டதும் உற்சாகமாக வந்து, செத்த சர்க்கரை அணிலொன்றைச் சாயபு கையில் வைத்தார். "மரத்தோடு விழுந்தது. தோலைப் பாருங்கள். பட்டையோடு இதையும் நீங்கள் வாங்கலாம்."

தோல்காரர் கையில் தோலைக் கொடுத்தால் கை தானாகவே வேலை செய்யும். சாயபு முதுகைத் தடவினார். பக்கத்துச் சவ்வை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பட்டுடா" என்றார். கட்டைவிரல் வயிற்றுக்கு இறங்கியது. அங்கே ஒரு மடிப்பில் நின்றது.

மடிப்பை விலக்கினார். உள்ளே வேர்க்கடலை அளவில், மயிரில்லாமல், கண் திறக்காமல், ஒரு குட்டி காம்பைக் கவ்விக்கொண்டிருந்தது. தாய் குளிர்ந்துவிட்டிருந்தது. குட்டி அசைந்தது.

சாயபு முகத்தில் ரத்தமில்லை. "இதுக்கும் வயித்துலயே இருக்குதா?" என்றார் தமிழில், யாரிடமும் அல்லாமல். எடித் அம்மாள் வந்து, தாயையும் குட்டியையும் சேர்த்து வாங்கித் தன் கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். சாயபு ஓடையில் இறங்கிக் கைகளைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். கழுவிவிட்டு வந்து என் முன் நின்றார்.

"உண்மையச் சொல்லு. மேட்டுப் பட்டை மட்டும் போதுமா?"

போதும் என்று சொன்னால் பொய். போதாது என்று மட்டும் சொன்னால் ஓடை காலி. ராத்திரி முழுக்க என் நாக்கில் அந்த இரண்டு துவர்ப்பும் மாறி மாறி வந்துகொண்டுதான் இருந்தன. "தனியா போதாது, மொதலாளி. முதல் தொட்டிங்களுக்கு மேட்டுப் பட்டையைப் போட்டு, கெடைக்கிற ஆவாரையைக் கடைசித் தொட்டிக்குன்னு நிறுத்தி வெச்சா வரும்னு தோணுது. நாள் ஜாஸ்தி ஆவும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா கிடங்கு எனக்கு வேணாம்."

"வரலைன்னா கிடங்கே இருக்காதுடா, பைத்தியம்!" என்று அதட்டினார். பிறகு ஆர்தர் பக்கம் திரும்பினார். "சொல்றதை அப்படியே சொல்லு. மேட்டுப் பட்டையை வருஷா வருஷம் நான் வாங்கறேன். ஓடைப் பட்டை ஒரு துண்டு கூட வேணாம். கீறல் விழுந்த தோலைத் திருப்பி அனுப்பறது எங்க ஊர் வழக்கம். கட்டுல ஒரு துண்டு பட்டையில இதுங்க பல்லு பட்டிருந்தாலும் மொத்தச் சரக்கும் கப்பலேறித் திரும்பி வந்துடும்."

நான் அப்படியே சொன்னேன். மேட்டு மரங்களில் அவை கடிப்பதில்லை. அங்கே பொந்து மரம் கிடையாது. ஆகவே பல் பட்ட பட்டை என்றால் அது ஓடைப் பட்டைதான். ஆர்தருக்கு அணில் புரியாவிட்டாலும் திரும்பி வருகிற சரக்கு புரிந்தது. கொஞ்சம் முறைத்தார். "விசித்திரமான வியாபாரி" என்றார். பிறகு கையைக் கொடுத்தார்.

எடித் அம்மாள் திரும்பி வந்தபோது கையில் ரம்பம் இருந்தது. விழுந்த மரத்தின் மேல்கிளையில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே உயிர் இருந்தது. நாய்க்குட்டி குரைக்கிற மாதிரி மெல்லிய சத்தம். பொந்தின் வாயைத் தம் தொப்பியால் அடைத்தார். நானும் அவருமாகக் கிளையை அறுத்தோம். நூருத்தீனின் குதிரை வடத்தை இழுக்க, பொந்து பக்கத்து மரத்தின் மேல் ஏறியது. வாசல் எதுவுமில்லாத இடத்தில் அந்தக் குதிரை சொன்னவுடன் நின்றது அன்றைக்குத்தான்.

கட்டுவதற்குக் கம்பியை எடுத்தார் அந்த அம்மாள். "கம்பி மரத்தை அறுக்கும். மரம் பருக்கும்போது கழுத்தை நெரித்துவிடும்" என்றேன். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வேறு வழியில்லாமல் கட்டிவந்தாராம். சாயபுவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நேரே வண்டிக்குப் போனார். தம் படுக்கைக் கட்டை அவிழ்த்து, இரண்டு அகலமான தோல் பெல்ட்டுகளையும் உருவிக்கொண்டு வந்தார். எங்கள் மண்டியில் பதம் செய்த எருமைத்தோல். "மரம் பருக்கப் பருக்க ஒவ்வொரு ஓட்டையாத் தளர்த்திப் போட்டுக்கச் சொல்லு. மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது" என்றார், சரக்கு விற்கிற தொனியிலேயே.

சாயங்காலம் தொப்பியை எடுத்தார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மூக்கு, கண்கள், கறுப்புக் கோடு. அது எருமைத்தோல் பெல்ட்டின்மேல் ஏறி நின்று மோந்து பார்த்தது. அதன் மூக்குக்கு ஆம்பூர் எப்படி இருந்ததோ! பிறகு விரிந்து பறந்து வாட்டிலில் போய் ஒட்டிக்கொண்டது. சாயபு சின்னப்பிள்ளை மாதிரி என் தோளில் அடித்தார்.

அந்தக் குட்டி பிழைக்கவில்லை.

ஆம்பூர் ஸ்டேஷனில் போர்ட்டர் எங்கள் மூட்டையைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா சாயபு, தோல் மண்டி வெச்சிக்கினு படுக்கையைக் கயித்துல கட்டியாறீங்க?"

"பெல்ட்டை ஒரு தோஸ்துக்குக் குடுத்துட்டேன்."

"அவ்ளோ பெரிய தோஸ்தா?"

"இந்தா, இவ்ளோ" என்று உள்ளங்கையைக் காட்டினார் சாயபு. போர்ட்டர் என்னைப் பார்த்தான். நானும் ஆமாம் என்றேன்.

முதல் சரக்கு வந்தது. தோல் மூலையை வெட்டிப் பார்த்தால், வெட்டுவாயில் நடுவே வெள்ளைக்கோடு இருக்கக்கூடாது. இருந்தால் பதம் உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். எங்கள் முதல் தோலில் வெள்ளைக்கோடு பளிச்சென்று சிரித்தது. மண்டியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேரணாம்பட்டுத் தரகர் வேலை மெனக்கெட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். சாயபு தோலை மறுபடி தொட்டியில் போடச் சொன்னார். அத்தனை நாளும் என் தகப்பனார் குழியிலேயே நின்றார். மீதியிருந்த ஆவாரையைக் கடைசித் தொட்டிக்குக் கொட்டிக் காத்துக்கிடந்தோம். ஒருநாள் காலை சாயபு தாமே கத்தியெடுத்து மூலையை வெட்டி, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் எறிந்தார். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஒரே நிறம்.

இப்போது ஆலங்காயத்து வெட்டுக்காரர்களிடம், பூத்து விதை விழுந்த பிறகுதான் ஆவாரையில் கைவைக்க வேண்டும் என்று சாயபு சொல்லியிருக்கிறார். கடைசித் தொட்டிக்கு அது இல்லாமல் முடியாதே. கப்பல் சரக்கு வருஷந்தோறும் வருகிறது. கட்டைப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது என் வேலை. பக்கத்தில் அடுக்குகிறவர் என் தகப்பனார்.

போன வாரம் வந்த சரக்கில் கடைசிக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா, ஒவ்வொரு தபாவும் பேன் பாக்கற மாதிரி பாக்கற? பல்லு பட்டிருக்கா?" என்றார் என் தகப்பனார்.

"இல்லப்பா."

"ஒண்ணு கூட?"

"ஒண்ணு கூட இல்ல."

அவர் அடுக்குவதை நிறுத்திவிட்டு ஒரு துண்டை எடுத்து ஒடித்தார். வாயில் போட்டு மென்றார். முகத்தைச் சுளித்தார். "துவர்ப்பு சுமாராத்தான் இருக்குது."

"ஆமாம்ப்பா" என்றேன். "சுமாராத்தான் இருக்கணும்."